எடமாமே: வீட்டில் எளிதாக என்னென்ன செய்யலாம்? மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் சொல்லுங்க

கல்லடிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் இருக்கும் தங்கச்சி லீவுக்கு வரும்போது ஐஸ் பெட்டியில் வைத்து எடமாமே கொண்டுவந்தாள். ஒரு பக்கற் கோதோடு, மற்றது உரித்த பருப்பு. கோதோடு இருந்ததை உப்புத் தண்ணீரில் அவித்து, நடுவில் வைத்து, அவித்த கச்சான் மாதிரி ஆளுக்கொரு பிடி எடுத்து உரித்துச் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. உரித்த பருப்பைத்தான் எங்கள் சமையலுக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது புதுப் பயிர் ஒன்றும் இல்லை. சோயா அவரையை முற்றிக் காய விடாமல், உள்ளே பருப்பு நிறைந்து கோது இன்னும் பச்சையாக இருக்கும்போதே பறித்தால் அதுதான் எடமாமே. கோது நார், அதைச் சாப்பிடுவதில்லை. பருப்பு மட்டும்.

இணையத்தில் தேடினால் சோயா சோஸ், எள் எண்ணெய், சலட் என்றுதான் வருகிறது. அதெல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டில் இரவுக்குப் பிட்டு, காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு. அதோடு சேராத சாப்பாடு ஒரு கிழமைக்கு மேல் வீட்டில் நிற்காது.

நான் செய்து பார்த்ததில் நன்றாக வந்தது வறை. அதை எழுதுகிறேன். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, நீளமாக வெட்டிய இரண்டு பச்சைக் கொச்சிக்காய், ஒரு பிடி சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் கால் தேக்கரண்டி மஞ்சள், அவித்து வடித்த பருப்பு இரண்டு கோப்பை, உப்பு. இரண்டு நிமிடம் கிளறிவிட்டு அரைக் கோப்பை தேங்காய்ப்பூ. தேங்காய்ப்பூ போட்டதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், சட்டியின் சூட்டிலேயே அது வாடிவிடும். தேசிக்காய்ப் புளி கடைசியில், இறக்கிய பிறகு. சோற்றோடும் சரி, பிட்டோடும் சரி, அருமையாக இருக்கிறது. பிட்டோடு சாப்பிடும்போது பருப்பு கடிபடுகிற அந்த இனிப்புத்தான் விசேஷம்.

என் எண்ணம் இதுதான்: தூளை அள்ளிப்போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தால் இந்தப் பருப்பில் ஒன்றும் மிஞ்சாது. அதன் பச்சை இனிப்பு கெடாமல் எங்கள் கைப்பக்குவத்தில் வேறு என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் எழுதுங்க.


அக்கரைப்பற்றுத் தம்பி:

அக்கா, இது சோயா மீட் செய்கிற அதே சோயாவா? எனக்கு அந்த மணம் கொஞ்சமும் ஒத்துவராது. அதுதான் கேட்கிறேன்.


பாசிக்குடா குசினி:

தம்பி, செடி ஒன்றுதான், சாப்பாடு வேறு. சோயா மீட் என்பது முற்றிய சோயாவில் எண்ணெயை எடுத்துவிட்டு, மிஞ்சுகிற மாவைச் சூட்டோடும் அழுத்தத்தோடும் மெசினில் தள்ளி எடுப்பது. எடமாமே காய்கறி. மணம் இளம் போஞ்சிக்கும் பச்சைப் பட்டாணிக்கும் இடையில் இருக்கும்.

நீங்கள் சொல்கிற அந்தப் பச்சை சோயா மணம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதைத் தவிர்ப்பது சுலபம். சோயாப் பருப்புக்குள் ஒரு நொதி இருக்கிறது. பச்சையாக நசுக்கினாலோ அரைத்தாலோ அது பருப்பில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து அந்த மணத்தை உண்டாக்கும். கொதிக்கிற தண்ணீரில் நேரே போட்டால் நொதி செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்ல மெல்லச் சூடாக்குவது கூடாது. அவிக்காமல் மிக்ஸியில் அடிப்பது அறவே கூடாது.

ஹோட்டல் குசினியில் நான் அவிக்கிற விதம் இது. கோதோடு உள்ள பச்சைக் காய் என்றால் இரண்டு முனையையும் கத்தரிக்கோலால் கொஞ்சம் நறுக்கிவிடுவேன், அப்போதுதான் உப்பு உள்ளே போகும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பு. அதில் ஒரு பங்கை எடுத்துக் காய்களைக் கையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். கோதில் சுணை இருக்கும், விரலில் பட்டால் முரமுரவென்று தெரியும். கட்டி உப்போடு தேய்க்கத் தேய்க்க அது கழன்று வரும், கோதும் பளிச்சென்று பச்சையாகும். அந்த உப்போடேயே கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். மூடி வேண்டாம். மூடினால் ஆவியோடு போக வேண்டிய புளிப்பு உள்ளேயே நின்று பச்சை நிறம் மங்கிவிடும். மூன்றரை நிமிடத்தில் ஒரு காயை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நாலு, ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது.

வடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவாதீர்கள். கோதுக்குள் தண்ணீர் ஏறிச் சவசவத்துவிடும். அகலமான தட்டில் பரப்பி விசிறுங்கள்.

ஐஸில் வருகிற பக்கற் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு அவியல் கண்டதுதான். அதற்கு இரண்டு, மூன்று நிமிடம் காணும். பக்கற்றில் எழுதியிருப்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.


கல்லடிக்காரி:

நன்றி தம்பி. சுளகில் பரப்பினால் சரியாக இருக்கும் போல. 40 கிராம் உப்பு கூடிப் போகாதா?


பாசிக்குடா குசினி:

கோதோடு அவித்தால் உப்புக் கூடிப் போகாது அக்கா, கோதுதான் உப்பைத் தாங்குகிறது. பருப்புக்குள் போவது கொஞ்சம். உரித்த பருப்பு என்றால் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போதும்.


சம்மாந்துறை நானா:

கோபிக்க வேண்டாம், ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சந்தையில் பயற்றங்காய், பச்சைக் கௌப்பி, அவரைக்காய் எல்லாம் அன்றன்றைக்குப் பறித்தது கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கோ அவித்து, ஐஸ் பிடிக்க வைத்து, கப்பலில் வந்த காயைக் கொழும்பில் காசு கொட்டி வாங்கி மட்டக்களப்பு வரைக்கும் தூக்கி வர வேண்டுமா? அந்தக் காசுக்கு ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாம். அக்கா எழுதிய வறையைப் பச்சைக் கௌப்பியில் செய்தாலும் அதே ருசிதானே வரும்.


கல்லடிக்காரி:

நானா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து அடிக்கடி வாங்குகிற சாமான் இல்லை இது. பயற்றங்காயை விட்டுவிடச் சொல்லி நான் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவித்து உரித்த எடமாமே 100 கிராமில் புரதம் கிட்டத்தட்ட 12 கிராம். அவித்த கௌப்பியில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. போலேற்று, இரும்பு, நார்ச்சத்து எல்லாம் நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் திருவிழா நாட்களிலும் கந்தசஷ்டியிலும் தொடர்ந்து சைவம். அந்த நாட்களில் வளர்கிற பிள்ளைக்கு நிறைவாக என்ன கொடுப்பது என்பது எனக்குப் பெரிய விசயம். பருப்பும் சோயா மீட்டும் மாறி மாறி எத்தனை நாளைக்கு? அந்த இடத்துக்குத்தான் இதைப் பார்க்கிறேன்.

மற்றது, இங்கேயே விளைந்தால் காசுப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும் இல்லையா? சோயா எங்கள் நாட்டில் விளைகிற பயிர்தானே. யாராவது நட்டிருக்கிறீர்களா?


படுவான்கரை விவசாயி:

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலுக்குப் பக்கத்து மேட்டுக்காணியில் சோளத்தோடு சோயாவும் போடுகிறேன். காயவிட்டு விற்கத்தான் போடுவது. ஆனால் பச்சையாகப் பறித்து அவித்துச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் பழக்கம்தான், எடமாமே என்ற பெயர்தான் தெரியாது.

முதலில் ருசியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே போடுகிற வர்க்கம் தானியத்துக்கு என்று எடுத்தது. எடமாமேக்கு என்று எடுத்த வர்க்கத்தில் பருப்பு பெரிது, இனிப்புக் கூட. எங்களது பருப்பு சின்னது, இனிப்புக் கொஞ்சம் குறைவு. அதற்காகச் சாப்பிட முடியாது என்று இல்லை. நேரம் பார்த்துப் பறித்தால் நல்ல ருசி.

அந்த நேரம்தான் முக்கியம். பூத்ததில் இருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கோது நிறையும். கோதை விரலால் அழுத்தினால் பருப்பும் பருப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நிறம் நல்ல பச்சையாக இருக்க வேண்டும். இலேசாக மஞ்சள் ஓடத் தொடங்கினால் நேரம் போய்விட்டது, பருப்பு மாப்பிடித்து இறுகிவிடும். ஒரு செடியில் காய்கள் ஏறக்குறைய ஒன்றாகவே பக்குவத்துக்கு வரும், அதனால் செடியோடு பிடுங்கி நிழலில் இருந்து ஆய்ந்தெடுப்பது லேசு. விடியப் பிடுங்கினால் அன்றைக்கே அவித்துவிடுங்கள். பறித்த நேரத்தில் இருந்து இனிப்பு இறங்கிக்கொண்டே போகும். இந்த வெயிலில் அடுத்த நாள் வைத்தால் வேறு காய் மாதிரி இருக்கும்.

வீட்டு வளவில் போடுபவர்களுக்கு: விதை பழசாக இருக்கக் கூடாது. எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சோயா விதை சில மாதத்திலேயே முளைதிறன் இழந்துவிடும். ஈரச் சீலையில் ஒரு பிடி விதையைச் சுற்றி வைத்துப் பாருங்கள், முக்கால்வாசி முளைத்தால் போடலாம். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணலில் போடுகிறவர்கள் மாட்டெரு நன்றாகக் கலக்க வேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பூக்கிற நேரம் தண்ணீர் தப்பினால் பூ கொட்டிவிடும். விதை போட்டு முளை வருகிற வரைக்கும் மயிலுக்குக் காவல் வேண்டும்.

இன்னொன்று. மாரியில் போட்டால் காய் காய்கிற நேரம் மழை பிடித்து விதை கறுத்துப் போகும் என்று பயந்து பலர் போடுவதில்லை. பச்சையாகப் பறிக்கிறவனுக்கு அந்தப் பயம் இல்லை.


அக்கரைப்பற்றுத் தம்பி:

ஐயா, விதை எங்கே எடுக்கலாம்?


படுவான்கரை விவசாயி:

உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள் தம்பி. மருந்து பூசிய விதையை வாங்கினால் நடுவதற்கு மட்டும்தான், மிஞ்சியதை அவித்துச் சாப்பிடக் கூடாது. இதைக் கட்டாயம் ஞாபகம் வையுங்கள்.


காத்தான்குடி ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். படித்துக்கொண்டு வரும்போதே செய்ய வேண்டும் போல இருந்தது. என்னிடம் ஒரு பக்கற் இருந்தது, மகன் வாங்கி வந்து எப்படிச் செய்வது என்று தெரியாமல் பிரீசரிலேயே கிடந்தது.

நான் இறாலோடு செய்தேன். வாவி இறால், நடுத்தரம், கால் கிலோ. தோல் கழற்றி மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்தேன். சட்டியில் எண்ணெய் விட்டு உள்ளி, இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை, வெங்காயம். வதங்கியதும் இடித்த செத்தல் கொச்சிக்காய் ஒரு தேக்கரண்டி. இறாலைப் போட்டுச் சுருண்டு சிவந்ததும் எடமாமே பருப்பு ஒரு கோப்பை. அவ்வளவுதான், இரண்டு பிரட்டு, இறக்கித் தேசிக்காய். இறாலும் கூட வேகக் கூடாது, இந்தப் பருப்பும் கூட வேகக் கூடாது, அதனால் இரண்டும் ஒரே சட்டியில் நல்ல சோடி. தேங்காய்ப்பால் விட்டுப் பார்க்கவும் யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், இறாலின் சாறே காணும்.

இறால் விலை ஏறினால் கூனி, அதுதான் காய்ந்த பொடி இறால், போடலாம். கூனியை முதலில் வெறும் சட்டியில் வறுத்து, கையால் நொறுக்கி, கல்லடித் தங்கச்சி சொன்ன வறைக்கு மேலே தூவினால் அது வேறு ருசி.

நோன்பு காலத்தில் கஞ்சிக்குப் பக்கத்தில் கடலை அவித்து வைப்போம். இந்த முறை கோதோடு எடமாமே வைக்கப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.


கல்லடிக்காரி:

ராத்தா, வஅலைக்கும் ஸலாம். கூனி யோசனை எனக்கு வரவே இல்லை! நாளைக்கே செய்கிறேன்.

பால்கறி யாராவது வைத்தீர்களா? அம்மா பால்கறிதான் கேட்கிறா.


களுவாஞ்சிகுடி மாமி:

பால்கறி நான் வைக்கிறது இப்படி மகள். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள், ரம்பைத் துண்டு, கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டு வெந்தயம் மெதுவாகிற வரைக்கும் கொதிக்க விடவும். மறுகா பருப்பைப் போட்டு நாலு நிமிடம். முதற்பாலை விட்டுக் கரையில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். இடியப்பத்துக்கு இந்தக் கறியும் கட்டைச் சம்பலும் இருந்தால் வேறொன்றும் தேவையில்லை.

உருளைக்கிழங்கு சேர்க்கிறவர்கள் கிழங்கை முதலில் இரண்டாம் பாலில் வேக வைத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும்.

ஒரு கேள்வி. பருப்பின் மேலே மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று இருக்கிறதே, அதைக் கழற்ற வேண்டுமா? அதைக் கழற்றினால் கறி மெதுவாக இருக்கும் போலத் தெரிகிறது.


பாசிக்குடா குசினி:

கழற்றத் தேவையில்லை மாமி. சாப்பிடுகிற தோல்தான், நாரும் அதில் இருக்கிறது. அரைத்துச் செய்கிற சாமானுக்கு மட்டும் கழற்றினால் பசுமையாகவும் மெதுவாகவும் வரும்.

அரைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. அவித்த பருப்பு ஒரு கோப்பை, ஒரு பல் உள்ளி, பச்சைக் கொச்சிக்காய் ஒன்று, உப்பு, கெட்டியான எருமைத் தயிர் மூன்று மேசைக்கரண்டி. கொரகொரப்பாக அரைத்து மேலே கொஞ்சம் மிளகு. ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிடலாம், பாணில் பூசிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கலாம். எங்கள் ஊர்ச் சட்டித் தயிர் கொழுப்பானது, அதனால் வேறு எண்ணெய் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. சட்டியில் மேலே நிற்கிற ஆடையோடு எடுங்கள். அடியில் தண்ணீர் விட்டிருந்தால் அதை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இளகிப்போகும்.

முதற்பாலைக் கொதிக்க விடாமல் இறக்குவதைப் பற்றி மாமி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தேசிக்காய் விடுகிறவர்களும் அடுப்பை அணைத்த பிறகுதான் விட வேண்டும். புளியோடு கொதித்தால் பால் திரையும், பருப்பும் பழுப்புப் பச்சைக்கு மாறிவிடும்.


சம்மாந்துறை நானா:

நான் எதிர்த்து எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொக்கட்டிச்சோலை ஐயா எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் ஒரு யோசனை வருகிறது. எங்கள் பக்கம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் முழுக்கக் கிடைக்காத வருடங்களில் வயலின் மேட்டுப் பக்கத்தை வெறுமையாக விடுகிறோம். அங்கே சோயா போட்டுப் பச்சையாகவே சந்தைக்குக் கொண்டுபோனால் எடுப்பார்களா? வாய்க்கால் தண்ணீர் கொஞ்சம் இருந்தாலே பயிர் நிற்குமா?


படுவான்கரை விவசாயி:

நெல்லைவிடத் தண்ணீர் குறைவாகத்தான் எடுக்கும் நானா. முளைக்கும்போதும், பூத்துக் காய் நிறையும்போதும் தப்பக் கூடாது. தண்ணீர் தேங்கி நின்றாலும் பிடிக்காது, வடிகால் வெட்டிப் போடுங்கள். வேரில் முடிச்சு விழுந்தால் காற்றில் உள்ள நைதரசனை அதுவே எடுத்துக்கொள்ளும், யூரியாச் செலவு மிச்சம். புதிதாகச் சோயா காணாத மண் என்றால் முடிச்சு விழுவது குறைவு, அதற்குரிய நுண்ணுயிர்ப் பசளையை விதையில் பிரட்டிப் போட வேண்டும்.

சந்தை பற்றி எனக்கு நிச்சயமாகச் சொல்ல ஏலாது. சனம் சாப்பிடத் தெரிந்துகொண்டால்தான் வாங்கும். அதனால்தான் இந்த இழையை நான் விடாமல் படிக்கிறேன்.


கல்முனைத் தாதி:

சமையலுக்குள் வந்து மருத்துவம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

சோயாவைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. புரதம் சமிபாடடைவதைத் தடுக்கும் பொருட்கள் அதில் உண்டு, அவிக்கும்போது அவை பெரும்பாலும் செயலிழந்துவிடும். செடியில் இருந்து பறித்துப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்பவர்கள் சோயாவை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் குளிசையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. விடியக் குளிசை போட்டால் சோயாச் சாப்பாட்டை மத்தியானத்துக்கு வையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள், இதில் விற்றமின் கே இருப்பதால், புதிதாகத் தினமும் சாப்பிடத் தொடங்கும் முன்பு கிளினிக்கில் சொல்லுங்கள். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் அறவே தொடக் கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்காதீர்கள். வழுக்கித் தொண்டையில் போய் அடைக்கிற அளவு அது. மசித்துக் கொடுங்கள். முதல் தரம் கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

மற்றப்படி பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் 1973 முதல் கொடுத்துவருகிற திரிபோஷாச் சத்துமாவில் சோளத்தோடு இருப்பது இதே சோயாதான். கர்ப்பிணிகளுக்குத் தேவையான போலேற்று 100 கிராம் எடமாமேயில் 300 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. கிளினிக்கில் தருகிற குளிசையை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.


களுவாஞ்சிகுடி மாமி:

நல்ல காலம் சொன்னீங்க பிள்ளை. நான் விடியத் தைரொயிட் குளிசை போடுகிற ஆள், இடியப்பத்தோடு இதைச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறேன். இனி மத்தியானச் சோற்றுக்குத்தான்.


திருக்கோவில் பெடியன், இப்போது ஜப்பான்:

வேலைக்காக இங்கே வந்து இருக்கிறேன். எங்கள் ஊர் ஆட்கள் எடமாமே பற்றி எழுதுவதைப் பார்த்துச் சந்தோசம்.

இங்கே கோடைகாலம் வந்தால் எங்கு பார்த்தாலும் இதுதான். கடையில் காய்களைத் தண்டோடு கட்டுக்கட்டாக வைத்து விற்பார்கள், தண்டோடு இருந்தால் வாடாது என்று. கொக்கட்டிச்சோலை ஐயா சொன்ன அதே காரணம்தான், இங்கேயும் அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே அவிக்கத்தான் விரும்புவார்கள்.

ஒரு இனிப்புச் சொல்கிறேன். மியாகி மாகாணத்துச் செண்டாய்ப் பக்கம் அவித்த எடமாமேயைத் தோல் கழற்றி, உரலில் மசித்து, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, அரிசிமா உருண்டைக்கு மேலே பூசிச் சாப்பிடுவார்கள். ஸுண்டா என்று பெயர். பார்க்க இளம் பச்சையாக, நறநறவென்று இருக்கும். அதைச் சாப்பிட்டபோது எனக்கு எங்கள் வீட்டுப் பயற்றங் கொழுக்கட்டை ஞாபகம்தான் வந்தது. பயறும் சர்க்கரையும் வைக்கிற இடத்தில் இதை வைத்தால் நிச்சயம் சரிவரும். சர்க்கரை போட்டால் நிறம் கறுக்கும், அதனால் சீனி போடுங்கள். தேங்காய்ப்பூ சேர்ப்பது உங்கள் விருப்பம்.

அடுத்தது, யாராவது என்னிடம் விதை கொண்டுவரச் சொல்லிக் கேட்க முன்பே சொல்லிவிடுகிறேன். பயணப் பையில் விதை போட்டுக் கொண்டுவர முடியாது. இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும், நோய் பரவாமல் இருக்கத்தான் அது. கொண்டுவந்தாலும் அங்கே சரியாக வராது. சோயா பகல் நீளம் பார்த்துப் பூக்கிற செடி. இங்கே கோடையில் பகல் நீண்டு கிடக்கும். எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணித்தியாலத்தைச் சுற்றியே பகல் இருக்கும். இங்கத்தைய பல வர்க்கங்கள் அங்கே வளர முன்பே பூத்து, முழங்காலளவு கூட வராமல் நாலு காயோடு முடிந்துவிடும். ஐயா போடுகிற எங்கள் வர்க்கமே நல்லது.


காத்தான்குடி ராத்தா:

தம்பி, கொழுக்கட்டை செய்தேன். அவித்த பருப்பு ஒரு கோப்பை, தோல் கழற்றி அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்து, சீனி மூன்று மேசைக்கரண்டி, தேங்காய்ப்பூ கால் கோப்பை, ஏலக்காய் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. அடுப்பில் இரண்டு நிமிடம் பிரட்டி ஈரம் வற்ற வைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுக்கட்டை வெடிக்கும். தோல் கழற்றுவது மினக்கேடு, ஆனால் இரண்டு விரலால் நசுக்கினால் வழுக்கிக்கொண்டு வருகிறது, பிள்ளைகளை இருத்திச் செய்யலாம். வெள்ளை மாவுக்குள் இருந்து பச்சை தெரிகிற அழகே அழகு. ஏலக்காயை அடுத்த முறை இன்னும் குறைப்பேன், பருப்பின் மணத்தை அது மூடுகிறது.


அக்கரைப்பற்றுத் தம்பி:

நான் போடிங்கில் இருந்து படிக்கிறவன். ஒரு றைஸ் குக்கர்தான் இருக்கிறது. பழைய சோற்றில் முட்டை, லீக்ஸ், எடமாமே போட்டுப் பிரட்டினேன், அறையில் எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்குச் சோயா மணம் வரவே இல்லை. அண்ணன் சொன்னபடி கொதிக்கிற தண்ணீரில் நேரே போட்டேன்.

ஒரு கேள்வி மட்டும். எடமாமே கிடைக்காத நேரம் கடையில் விற்கிற காய்ந்த சோயாவை ஊறப்போட்டு இதே வறை செய்யலாமா?


பாசிக்குடா குசினி:

செய்யலாம் தம்பி, ஆனால் நேரம் எடுக்கும். இரவு முழுக்க ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவிக்க வேண்டும். சும்மா சட்டியில் என்றால் இரண்டு, மூன்று மணித்தியாலம். பிரஷர் குக்கர் இருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் முடிக்கலாம். நுரை கூட வரும், குக்கரை அரைவாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். றைஸ் குக்கரில் இதை முயற்சிக்க வேண்டாம், பொங்கி வழியும். ருசி பச்சைப் பருப்பு மாதிரி இனிப்பாக இருக்காது, கடலை மாதிரித்தான் இருக்கும். அதனால் செத்தல் கொச்சிக்காயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுக் கடலை தாளிக்கிற மாதிரி தாளியுங்கள், அதுதான் அதற்குப் பொருத்தம்.


கல்லடிக்காரி:

கூனி தூவிய வறை செய்தேன், ராத்தாவுக்கு நன்றி. அம்மாவுக்கு மாமியின் பால்கறி.

கொக்கட்டிச்சோலை ஐயா, இந்தப் போகத்தில் பச்சையாகப் பறிக்கிறீர்கள் என்றால் எனக்கு ஐந்து கிலோ வேண்டும், காசு தருகிறேன். ஐந்து கிலோக் காயில் உரித்த பருப்பு பாதியளவு வரும் என்று நினைக்கிறேன். அவ்வளவையும் ஒரு நாளில் சாப்பிட முடியாது. பிரீசரில் வைப்பது எப்படி என்று குசினித் தம்பி சொல்லுங்கோ.


பாசிக்குடா குசினி:

கொதிக்கிற தண்ணீரில் கோதோடு இரண்டு, மூன்று நிமிடம் மட்டும் அக்கா. இந்த ஒரு வேலைக்குத்தான் ஐஸ் தண்ணீர். எடுத்த உடனே அதில் போட்டு வேகுவதை நிறுத்த வேண்டும். பிறகு சீலையில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிப் பிரீசரில் இறுக விட்டு, அதன் பிறகு பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டுங்கள். ஒரு நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்துக் கட்டினால் நல்லது. சமைக்கும்போது ஐஸ் இளக விடாமல் நேரே கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள்.


படுவான்கரை விவசாயி:

காய் நிறைய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது மகள். பிடுங்குகிற அன்று விடியவே மண்முனைப் பாலத்தால் வந்து கல்லடியில் தருகிறேன். வந்த உடனே அவிக்கிற மாதிரிப் பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருங்கள்.